கனவு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இதழுக்காக டெல்லி ஓவியர் அர்பிதா சிங் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ‘அம்மாவின் முதுகுக்குப் பின்னால்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். அச்சில் வந்தபோது அது ‘கனவுகளின் தூரிகை’ என்று மாறியிருந்தது. ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “அம்மா, முதுகு என்றெல்லாம் இருந்தால் சிறுகதை என்று நினைத்துவிடுவார்கள் மேடம். கனவு என்றால் ஓவியம் என்று உடனே புரியும். தவிர, அவர் வரைவது கனவுலகம்தானே?” என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் கட்டுரையில் ‘துப்பாக்கி’ என்ற சொல் பதினொரு இடத்தில் வந்திருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் அழைத்திருந்தேன்.

அவர் போட்ட அந்தத் ‘தானே’ மீதுதான் எனக்கு வழக்கு.

ஒரு பெண் நகரத்தை வரைகிறாள். வீட்டின் உள்ளறையை வரைகிறாள். அதில் நாற்காலி தரையில் நிற்காமல் மிதக்கிறது, கார்கள் பொம்மை அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன, பூச்சாடிக்குப் பக்கத்தில் விமானம் பறக்கிறது. உடனே நம் வாயில் ‘கனவு’ வந்துவிடுகிறது. பின்னாலேயே ‘குழந்தைமை’, ‘வெகுளித்தனம்’, ‘பெண்மையின் அந்தரங்க உலகம்’ எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. கேட்கப் பாராட்டாகத்தான் இருக்கும். ஆனால் கனவு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கனவில் வந்த துப்பாக்கிக்கு உரிமம் யாரிடம் இருக்கிறது என்று எந்தக் காவல் நிலையமும் கேட்பதில்லை. அந்த வசதிக்காகவே இந்தச் சொல் இவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது என்பது என் குற்றச்சாட்டு.

அர்பிதாவை அறியாத மாணவிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1937இல் வங்கத்தின் பராநகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 1946இல் தாயுடன் டெல்லிக்கு வந்தார். அடுத்த ஆண்டே அந்த நகரம் என்ன கோலம் கொண்டது என்பது நாம் படித்ததுதான். 1954 முதல் 1959 வரை டெல்லி பாலிடெக்னிக்கில் ஓவியம் பயின்றார். பிறகு மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். தறிக்கான கோலங்கள், கரை, முந்தி, பூ வேலை என்று துணியோடு கழிந்த காலம் அது. பழைய புடவைகளை அடுக்கி நூலோட்டித் தைக்கும் வங்கத்துக் காந்தாவின் சாயல் அவர் ஓவியங்களில் இன்றும் தெரிகிறது. ஓவியத்தைச் சுற்றி அவர் போடும் கரைகளைப் பார்த்தால் புடவைக் கரை நினைவுக்கு வராத பெண் இருக்க மாட்டாள்.

1970களின் நடுவில் ஒரு கட்டம் வருகிறது. உருவங்களை விட்டுவிட்டு, சில ஆண்டுகள் கறுப்பு மையால் கோடுகளும் புள்ளிகளுமாகவே போட்டுக்கொண்டிருந்தார். தையல் விழுவதுபோலக் கோட்டின் மேல் கோடு. மனிதர்கள் இல்லை, கதை இல்லை. நாற்பதை நெருங்கும் ஓர் ஓவியர் அரிச்சுவடிக்குத் திரும்பிப் போய்க் கையைப் பழக்கிய காலம் அது. நான் கவிதை எழுதுகிறவள். அந்த வயதில் எழுதியதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு எழுத்தையும் அசையையும் மட்டும் எழுதிப் பழகும் துணிச்சல் எனக்கு வரவில்லை. இப்படிப் பழகிய கைதான் 1980களில் பெண்களையும் அறைகளையும் தெருக்களையும் வரையத் திரும்பி வந்தது. அதன் பெயர் உழைப்பு. அதைத் தூக்கத்தில் வந்தது என்று சொன்னால் வலிக்காதா?

2019இல் கருத்தரங்கு ஒன்றுக்காக டெல்லி போனபோது, கிடைத்த அரை நாளில் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் ஓவியங்களின் பெருங்காட்சியைப் பார்த்தேன். அருங்காட்சியகம் அப்போது சாகேத்தில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருந்தது. வாசலில் பையைச் சோதிக்கிறார்கள், உலோகச் சட்டத்தின் வழியாக நுழைகிறோம், பெண்களுக்குத் தனித் திரை, அதற்குள் ஒரு பெண் காவலர் நம் உடலைத் தடவிப் பார்க்கிறார். நகரத்துப் பெண்ணுக்குப் பழகிப்போன சடங்கு. உள்ளே போய் ஓவியங்களின் முன் நின்றபோது அந்தத் தடவல் இன்னும் தோளில் இருந்தது. அங்கே நேரிலும் பிறகு நூல்களிலுமாக நான் பார்த்த அவருடைய அறைகளில் வயதான பெண்கள் சேலையோடும் சேலையில்லாமலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வயிறு மடிந்து, மார்பு தளர்ந்து, யாருக்காகவும் அழகு காட்டாமல். சுற்றிலும் இளஞ்சிவப்பும் நீலமும் பூக்களும். பூக்களுக்கு இடையே சீருடைக்காரர்கள், சூட் போட்ட ஆண்கள், துப்பாக்கிகள், விமானங்கள். ‘தேவி பிஸ்டல் வாலி’ என்று 1990இல் ஓர் ஓவியம். பல கைகள் கொண்ட பெண். ஒரு கையில் மாம்பழம், இன்னொரு கையில் கைத்துப்பாக்கி. அதை எதிரே சூட்டும் கோட்டுமாக இருக்கும் ஆண் மீது குறி வைத்திருக்கிறாள். முகத்தில் ஆவேசம் எதுவும் இல்லை. கறிக்காரரிடம் மீதிச் சில்லறைக்காக நிற்பவளின் முகம்.

இதில் கனவு எங்கே இருக்கிறது? அளவில் இருக்கிறது என்பார்கள். பெண் பெரிதாகவும் கார் சிறிதாகவும் இருக்கிறதே, வீட்டுக்குள் விமானம் வருகிறதே, இது மெய்யுலகம் இல்லையே என்பார்கள்.

இதற்கு என் முதலாண்டு மாணவிகளே பதில் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் பாடம் முடிந்து நேரம் மிச்சமிருந்தது. வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியை ஆளுக்கு ஒரு தாளில் வரையச் சொன்னேன். வகுப்பில் ஏழெட்டுப் பையன்களும் உண்டு. அவர்கள் ஒரு கோடு, இரண்டு திருப்பம், பேருந்து நிறுத்தம், கல்லூரி என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பெண்களின் தாள்கள் நிரம்பி வழிந்தன. ஒருத்தி டாஸ்மாக் கடையைக் கல்லூரிக் கட்டடத்தைவிடப் பெரிதாக வரைந்திருந்தாள். ஒருத்தி எரியாத தெருவிளக்குகளை மட்டும் எண் போட்டுக் குறித்திருந்தாள். இன்னொருத்தி தாளில் ஒரு பேருந்து, அதற்குள் கைகள், கைகளுக்கு உடம்பு இல்லை. ஏன் என்று கேட்டேன். “யாருன்னு திரும்பிப் பார்க்க முடியாது மேம்” என்றாள்.

இவர்கள் யாரும் சர்ரியலிசம் படித்தவர்கள் இல்லை. கூட்டப் பேருந்தில் ஒரு பெண்ணுக்குத் தெரிவது கைகள்தான், அதனால் கைகளை வரைந்தாள். மாலை ஆறரைக்கு மேல் டாஸ்மாக் கடை உண்மையாகவே கல்லூரியைவிடப் பெரியது. அச்சத்தின் அளவுகோலை வைத்து அளந்தால் நகரம் அப்படித்தான் இருக்கும். நில அளவைத் துறையின் அளவுகோலை மெய் என்றும் இதைக் கனவு என்றும் பிரித்தது யார்?

அர்பிதா 2005இல் வரைந்த ‘மை லாலிபாப் சிட்டி: ஜெமினி ரைசிங்’ ஒரு டெல்லி வரைபடம். சாலைகள், எழுத்துகள், அம்புக்குறிகள், மனிதர்கள். அதிலேயே ஒரு எச்சரிக்கையும் எழுதி வைத்திருக்கிறார்: இந்த வரைபடம் பிழையானது, இதைப் பின்பற்ற வேண்டாம் என்ற பொருளில். பார்த்தவர்கள் இதைக் குறும்பு என்று ரசிக்கிறார்கள். குறும்புதான். கூடவே கடைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் நடந்து ஒரு நகரத்தைக் கற்றுக்கொண்டவள், பின்னால் வருபவளுக்குச் சொல்லும் உண்மையான புத்திமதியும் அது. இங்கே வழி என்று போட்டிருப்பதை நம்பிப் போகாதே. அடுத்த ஆண்டு வரைந்த ‘வாட்எவர் இஸ் ஹியர்’ தன் தலைப்பிலேயே மகாபாரதத்தை அழைத்து வருகிறது. இதில் இருப்பது எங்கும் உண்டு, இதில் இல்லாதது எங்கும் இல்லை என்று அந்தக் காப்பியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அல்லவா, அதை. டெல்லி இந்திரப்பிரஸ்தம் என்று பெருமை பேசுபவர்கள் அந்த நகரத்தின் அரசி சூதாட்டத்தில் பணயம் வைக்கப்பட்டதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

குலாம் முகமது ஷேக்கின் ‘சிட்டி ஃபார் சேல்’ ஓவியத்தையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1981க்கும் 1984க்கும் இடையில் வரைந்தது. பரோடா நகரம். ஒரு பக்கம் கலவரம் எரிகிறது, நடுவே திரையரங்கில் ‘சில்சிலா’ ஓடுகிறது. அங்கேயும் தெருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. உள்ளும் வெளியும் கலந்து கிடக்கின்றன. தூரத்தில் இருப்பது பெரிதாகவும் பக்கத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிகிறது. மகத்தான ஓவியம், அவரிடம் எனக்குப் புகார் இல்லை. அதைப் பற்றி நான் படித்தவற்றிலெல்லாம் வரலாறு, அரசியல், மரபோடு உரையாடல் என்ற சொற்கள்தான் கண்ணில் பட்டன. அதே கலைப்பு, அதே நெரிசல். வரைந்தது அர்பிதா என்றால் கனவு, சமையலறை, தாய்மை என்று சொற்கள் மாறிவிடுகின்றன. பெண்ணின் கை பட்டதும் வரலாறு தூங்கப் போய்விடுகிறது.

தமிழ் படித்தவளாக எனக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. பெண் கண்ட கனவை என்ன செய்வது என்பதற்கு நம்மிடமே பழைய முன்மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை. கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் ஒரு கனவைச் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து அழைத்துப் போக, இருவரும் ஒரு பெரிய ஊருக்குள் நுழைகிறார்கள். ஊரார் இல்லாத பழியைச் சுமத்துகிறார்கள். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று செய்தி வருகிறது. அவள் அரசன் முன் போய் வழக்குரைக்கிறாள். அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. மதுரைக் காண்டம் முழுவதையும் ஒரு பெண் புகாரில் தன் வீட்டுக்குள் இருந்தபடி, ஒரு வரி பிசகாமல் சொல்லிவிட்டாள்! தேவந்தி என்ன சொன்னாள்? முற்பிறவியில் செய்யாமல் விட்ட நோன்பு காரணம், சோமகுண்டம் சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழு, கணவன் திரும்பிவிடுவான் என்றாள். தேவந்தி கெட்டவள் இல்லை. தோழிக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாள். என் இதழாசிரியரைப் போல. அது நமக்குப் பெருமை இல்லை என்று கண்ணகி மறுத்துவிட்டாள். அவள் நீராடப் போகவில்லை என்பதைப் பாராட்டி எழுதிய உரைகாரர்கள் உண்டு. கற்பின் மாண்பு என்று விளக்கமும் தருவோம். அவள் ஒரு நகரத்தைப் பற்றித் துல்லியமான தகவல் தந்தாள், அதைத் தகவலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நானும் இருபது ஆண்டு வகுப்பில் சொன்னதில்லை.

அகம், புறம் என்று பிரித்துப் படித்தே பழகிய கண் எனக்கு. அகத்தில் காதல், புறத்தில் போர். அகத்தில் யார் பெயரும் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. அந்தக் கண்ணோடு அர்பிதாவின் அறைகளைப் பார்த்தால் முதலில் தடுமாற்றம்தான் வரும். மேசை, பூ, படுக்கை, கணவன், மனைவி எல்லாம் அகத்துக்கு உரியவை. படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் சிப்பாய் எந்தத் திணை? 1984 நவம்பரில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட டெல்லியில் இருந்து வரைந்தவர் அவர். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்ன ஊர் அது. கொலை வீட்டுக் கதவைத் தட்டும் ஊரில் அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே சுவர் எங்கே இருக்கிறது? சோபாவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியை வரைந்தவரைக் கற்பனை வளம் மிக்கவர் என்று புகழ்வதைவிடக் கணக்கில் நேர்மையானவர் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

இப்போது ஒரு மறுப்பு வரும். எனக்கே வந்த மறுப்பு. அவருடைய மிகப் பெரிய ஓவியத்துக்கு அவரே ‘விஷ் ட்ரீம்’ என்று பெயர் வைத்திருக்கிறாரே? ஆமாம். 2001இல் பதினாறு பலகைகளாக வரைந்து சேர்த்த சுவரளவு ஓவியம். அவரே கனவு என்கிறார். ஆனால் அந்தப் பெயரில் விருப்பமும் இருக்கிறது. ஒரு பெண் தான் வேண்டுவதைக் கனவு என்று உரக்கச் சொல்வதும், அவள் கண்டதையெல்லாம் கனவு என்று பிறர் ஒதுக்குவதும் ஒன்றா? முதலாவது உரிமை கோருவது. ஆண்டாளுக்கு அது தெரியும். தான் கண்ட கல்யாணக் கனவைச் சடங்கு சடங்காக வரிசைப்படுத்தித் தோழியிடம் சொன்னவள் அவள்; அதைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இந்த ‘விஷ் ட்ரீம்’ 2010இல் ஏலத்தில் ஒன்பதரைக் கோடி ரூபாய்க்கு மேல் போனது. பத்திரிகைகள் அன்றுதான் அர்பிதா சிங்கைக் கண்டுபிடித்தன. விலைக்குப் பிறகு வந்த புகழில் கனவு என்ற சொல் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். காரணம் எளிது. கலவரத்தை வரவேற்பறையில் மாட்ட முடியாது. கனவை மாட்டலாம். சோபாவின் நிறத்துக்கு இளஞ்சிவப்பு பொருந்தியும் போகும்.

வரலாற்றில் இடம் என்ற பேச்சையும் பார்த்துவிடுவோம். 1947இல் பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கிய ஆறு பேரும் ஆண்கள். 1981இல் ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ என்று பேர்பெற்ற கண்காட்சி நடந்தது. நவீன ஓவியத்துக்குள் சாதாரண மனிதர்களைத் திரும்பக் கொண்டுவந்த நிகழ்வு என்று எல்லோரும் குறிப்பிடுவார்கள். மனிதர்களுக்கு இடம் கேட்ட அந்த ஆறு பேரில் பெண் ஒருவர்தான், நளினி மலானி. பெண்களுக்கு இடம் வேண்டுமென்றால் பெண்களேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நளினி மலானி, மாத்வி பரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் நால்வரும் சேர்ந்து 1987 முதல் 1989 வரை ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ என்ற பெயரில் தங்கள் ஓவியங்களை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். இந்தியாவுக்கு வெளியே ஒரு பொதுக் கலை நிறுவனம் அர்பிதாவுக்குத் தனிக் கண்காட்சி வைக்க 2025 ஆயிற்று. லண்டனின் செர்பன்டைனில், ‘ரிமெம்பரிங்’ என்ற பெயரில். அப்போது அவருக்கு வயது எண்பத்தேழு. தலைப்பைக் கவனியுங்கள். நினைவுகூர்தல். தன்னிடம் இருப்பது நினைவு என்று அவர் சொல்லிவிட்ட பிறகும் நாம் கனவு என்றே கேட்டுக்கொண்டிருந்தால் கோளாறு நம் காதில்தான்.

கடைசியாக, என் பழைய தலைப்பில் இருந்த அந்த முதுகு. ‘மை மதர்’, 1993. பாபர் மசூதி இடிக்கப்பட்டு நாடு எரிந்த மாதங்களை அடுத்து வந்த ஓவியம். முன்னால் ஓரமாக, வயதான தாய் பெரிய உருவமாக நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் தெரு கலைந்து கிடக்கிறது. துணி போர்த்திய உடல்கள், சீருடைக்காரர்கள், ஓடுபவர்கள், விழுந்தவர்கள், எல்லாம் சிறிது சிறிதாக. அவள் அழவில்லை. கைகளை விரித்துத் தடுக்கவும் இல்லை.

வழியை வரைந்த அதே வகுப்பில் இந்த ஓவியத்தைத் திரையிட்டேன். ஓவியர் பெயர், ஆண்டு தவிர எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முன் வரிசையில் ஒருத்தி, “இவ்வளவு நடக்குது, இந்தம்மா ஏன் மேம் திரும்பியே பார்க்கல?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. பேருந்துக் கைகளை வரைந்த பெண்.

“பார்த்துட்டுத்தான்டி வந்து நிக்கிறாங்க.”

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பு நன்னூல்.